அங்கவை, சங்கவை: எங்களுக்கு வைத்த பேர்

2007 ஜூன் மாதம். நானும் என் அத்தை மகளும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோடையில் மல்லாட்டை ஆய்ந்த கூலியில் மிச்சம் பிடித்து வைத்திருந்த காசில் செஞ்சிக் கொட்டாயில் 'சிவாஜி' படம் பார்க்கப் போனோம். ஷங்கர் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த படம். ஒரு காட்சியில் பக்கத்து வீட்டுக்காரராக வரும் சாலமன் பாப்பையா தன்னுடைய இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். கரி பூசினமாதிரி வேஷம் போட்ட இரண்டு பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். பேர் அங்கவை, சங்கவை. அவர்களைப் பார்த்து நாயகன் மிரளுவார். கூட இருக்கும் விவேக் மிரளுவார். கொட்டாயே சிரித்தது. நாங்களும்தான் சிரித்தோம். இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

மறுவாரம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் கூப்பிட்டான், "ஏ அங்கவை, சங்கவை, இங்க வாங்கடி." நாங்கள் இரண்டு பேரும் கருப்பு. இரண்டு பேரும் காலனி. ஒன்றாகவேதான் போவோம் வருவோம். பேர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில், கடைத்தெருவில், கடைசியில் எங்கள் தெருவிலேயே அந்தப் பேரில்தான் கூப்பிட்டார்கள். அத்தை மகள் அடுத்த கூலிக் காசில் சிவப்பாக்கும் களிம்பு வாங்கினாள். நான் கண்ணாடி பார்ப்பதை விட்டேன்.

பெயர் வைப்பது என்றால் என்ன என்று செஞ்சிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மலைக்கும் சாதி உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்றையும் கோட்டை என்று எல்லோருக்கும் தெரியும். நாலாவதாகச் சின்னதாக ஒன்று இருக்கிறது, சக்கிலிதுர்க்கம். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்ததும் ஊரே கொண்டாடியது. வருகிறவர்கள் ராஜகிரி ஏறுகிறார்கள். நாலாவது மலையைக் கேட்பாரில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் என் பட்டப்பேரை மறுபடி சந்தித்தேன். புறநானூறு பாடம். பாரி செத்துப்போகிறான். பறம்பு மலை போகிறது. அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். இவர்களைக் கட்டிக்கொள் என்று கேட்கிறார். இருவரும் மறுக்கிறார்கள். புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்றுதான் சொல்கிறது. அங்கவை, சங்கவை என்ற பேரெல்லாம் பின்னால் வந்த வழக்கு. எங்கள் பக்கத்துத் திருக்கோவிலூரில் பெண்ணையாற்றில் கபிலர் குன்று இருக்கிறது. பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாக அங்கே சோழர் காலக் கல்வெட்டுச் சொல்கிறது.

அப்பன் செத்து, மண்ணும் போய், நாதியற்று நின்ற இரண்டு பெண்கள். மூவேந்தர் பகைக்குப் பயந்து யாரும் தொடவில்லை. அவர்கள் கருப்பு என்று எந்தப் பாட்டிலும் இல்லை. இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒரு சினிமா அவர்கள் முகத்தில் கரியைப் பூசி, கல்யாணம் கேட்டு நிற்கிறார்கள் பார் என்று நம்மைச் சிரிக்க வைத்தது. தமிழ் படித்தவர்கள் எத்தனை பேர் கோபப்பட்டார்கள்? கோபப்பட்டவர்களிலும் பலர், சங்க இலக்கியத்துக்கு அவமானம் என்றுதான் கோபப்பட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்களுக்கு அவமானம் என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை.

அதே படத்தில் நாயகனும் கருப்புதான். நாயகி அவன் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாள். அவன் வெளுப்பாவதற்கு என்னென்னவோ செய்கிறான். ஒரு பாட்டில் ரஜினியின் தோலை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினியில் ஒட்டவைத்தார்கள். அதைத் தொழில்நுட்பச் சாதனை என்று பத்திரிகைகள் எழுதின. நாயகியின் பேர் தமிழ்ச்செல்வி. நடித்த ஷ்ரேயா ஹரித்வாரில் பிறந்தவர், பேசிய குரல் இன்னொருத்தருடையது. பேர் மட்டும் தமிழ், தோல் வடக்கே, குரல் இரவல். பேரும் தோலும் குரலும் சேர்ந்து தமிழாக இருக்கும் பெண் வேண்டுமானால் அங்கவையாக வரலாம்.

ஆக, கருப்பு ஆணுக்கு ஒரு கதை இருக்கிறது. அவன் கருப்பைத் தாண்டி ஜெயிப்பான், வெளுப்பான பெண்ணை அடைவான். கருப்புப் பெண்ணுக்குக் கதையே இல்லை. அவள் ஆசைப்பட்டாலே அது நகைச்சுவை.

இதை வெறும் நிறப் பிரச்சினை என்று பேசிவிட்டுப் போவது சுலபம். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனமாதிரி, பேரை மாற்றிக்கொண்டால் தீர்ந்துபோகும் சமாச்சாரமாக அது ஆகிவிடும். சாதியும் நிறமும் ஒன்றில்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' பற்றிய நூலில் அம்பேத்கர் மூக்களவுக் கணக்குகளையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். எங்கள் காலனியில் சிவப்பான பெண்கள் இருக்கிறார்கள். ஊர்த்தெருவில் என்னைவிடக் கருப்பானவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. முடியாததை முடியும் என்று நம்பவைக்கும் வேலையைத்தான் வெகுசன ஊடகம் செய்கிறது. திரையில் சேரிக்காரனுக்குக் கருப்பு பூசிப் பூசி, கருப்பைப் பார்த்தாலே சேரி என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டது.

இந்தக் கண் எங்கே போய் முடிகிறது தெரியுமா? காலனியில் ஒரு குழந்தை சிவப்பாகப் பிறந்தால் ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள்? "இது எந்தக் கழனிக்காரன் புள்ள?" என் சின்ன மாமன் சிவப்பு. ஆயா அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்து நடப் போனபோது வரப்பில் நின்றவன் இப்படித்தான் கேட்டானாம். "நீ போயி உங்கம்மாவக் கேளுடா, நீ ஏன் கருப்பா கீறேன்னு" என்று ஆயா சொன்னதாம். அன்றைக்குக் கூலி இல்லை. கருப்பாக இருந்தால் கேலி, சிவப்பாக இருந்தால் ஆத்தாமேல் சந்தேகம். நிறத்தைப் பற்றிய பேச்சு என்று நாம் நினைப்பது முழுக்கவும் யார் யாரோடு படுக்கலாம், யார் யாரைக் கட்டலாம் என்ற பேச்சுதான்.

சினிமாவின் கருப்புப் பெண்களை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அவள் ஆசைப்பட்டால் கோமாளி. அவள்மேல் மற்றவர்கள் ஆசைப்பட்டால் கவர்ச்சி நடிகை. ஏலூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த விஜயலட்சுமி, 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சிலுக்கு ஆனார். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் ஒரு குடும்பப் பெண்ணாக நடித்து, தனக்கு நடிக்கவும் தெரியும் என்று காட்டினார். யார் கேட்டார்கள்? 1996 செப்டம்பரில் அவர் சாகிறவரை அந்த மாநிற உடம்பை இரவுக்கு வைத்துக்கொண்டார்கள். தாலி கட்டும் காட்சிக்கு வேறு தோல் தேடினார்கள். மூன்றாவதாக ஒரு இடம் உண்டு. அவள் அழுதால் நல்லவள். 2021இல் வந்த 'ஜெய் பீம்' எங்கள் விழுப்புரம், கடலூர் மண்ணின் கதை. அதில் வரும் இருளர் பெண் செங்கேணியாக லிஜோமோல் ஜோஸ் உயிரைக் கொடுத்து நடித்தார். நானும் அழுதேன். ஆனால் கேரளத்திலிருந்து ஒருவரை வரவழைத்துக் கருப்பு பூசித்தான் அந்தக் கண்ணீரைக் காட்ட முடிந்தது. செஞ்சியைச் சுற்றி எத்தனை இருளர் குடியிருப்புகள்! அங்கே ஒரு பெண் கிடைக்கவில்லையா?

பெண்ணுக்கு இப்படி. காலனி ஆணுக்கு? 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. காரணம் ஒரு காதல் கல்யாணம். அந்த ஆண்டுதான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். 'நாடகக் காதல்' என்ற சொல் மேடையிலிருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையிலிருந்து திரைக்கும் வந்தது. 2020 பிப்ரவரியில் மோகன் ஜி இயக்கிய 'திரௌபதி' அந்தச் சொல்லையே கதையாக்கிய படம். நம் பெண்ணைக் காப்பாற்று என்பதுதான் அதன் கூப்பாடு.

இந்தக் கதை புதுசு இல்லை தோழர்களே. 1915இல் அமெரிக்காவில் கிரிஃபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தில், முகத்தில் கரி பூசிய ஒரு வெள்ளை நடிகர் கருப்பனாக வந்து வெள்ளைப் பெண்ணைத் துரத்துகிறார். அவள் பாறையிலிருந்து குதித்துச் சாகிறாள். முகமூடிக் கும்பல் அவனைக் கொல்கிறது, படம் அவர்களை வீரர்களாகக் காட்டுகிறது. அதே வருஷம் கு கிளக்ஸ் கிளான் உயிர்பெற்று எழுந்தது. அதற்கு 23 வருஷம் முன்பே, 1892இல், மெம்பிஸ் நகரத்தில் ஐடா பி. வெல்ஸ் என்ற கருப்புப் பெண் பத்திரிகையாளர் இதை உடைத்து எழுதினார். வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தான் என்று சொல்லித் தூக்கிலிடுவதெல்லாம் சாக்கு, கருப்பர் தலையெடுப்பதைப் பொறுக்காத கொலைகள் அவை என்றார். அவருடைய 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். கூலிங் கிளாஸ் ஏன் கண்ணை உறுத்தியது என்பதற்கு அவர் எழுத்தில் பதில் இருக்கிறது.

திரௌபதி என்ற பேரை அவர்கள் எடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. திரௌபதி அம்மன் எங்கள் சீமைத் தெய்வம். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரிதான் அவளுக்கு ஆதிக்கோயில் என்பார்கள். இந்த வட்டாரத்தில் பாரதக் கூத்து பார்த்து வளராத பிள்ளை கிடையாது. துகிலுரிதல் அன்றைக்கு விடியவிடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோழர்களே, துகிலுரிந்தவன் யார்? காலனிக்காரனா? கொழுந்தன் முறைக்காரன். சூதாடித் தோற்றது யார்? கட்டின புருஷன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது யார்? சொந்தச் சபை, பெரிய மனுஷர்கள். தன்னைப் பணயம் வைக்க உனக்கு என்ன உரிமை என்று அவள் கேட்டது தன் வீட்டு ஆண்களைப் பார்த்து. அந்தக் கேள்வியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆபத்து வெளியிலிருந்து வருகிறது என்று அவள் பேரிலேயே படம் எடுத்தார்கள். விழுப்புரம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரக்கூடாது என்று தகராறு செய்து 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனது. படத்திலும் கோயிலிலும் பூட்டு ஒன்றுதான்.

நம்மவர்கள் எடுக்கும் படங்களையும் கேட்காமல் விட முடியாது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) என்னை உலுக்கிய படம். ஆனால் பரியன் தன் ஆசையைக் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்கள் உங்கள் பெண்ணைத் தொடமாட்டோம் என்று நிரூபித்தால்தான் தலித் நாயகனை ஊர் ஏற்கும் என்ற நெருக்கடி அந்தப் படத்தின் கழுத்தில் இருக்கிறது. அது இயக்குநரின் குறை மட்டுமில்லை, நம் காலத்தின் குறை. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) அந்த நெருக்கடியை உதறியது. துஷாரா விஜயன் நடித்த ரெனே, தலித் பெண்ணாக நின்று யாரை விரும்புவது என்பதைத் தானே பேசுகிறாள். 'நாடகக் காதல்' என்ற சொல்லைப் புதுச்சேரி நாடக மேடையிலேயே வைத்து அந்தப் படம் உரித்துக் காட்டியது. அது பெரிய காரியம். ஆனால் ரெனேயின் சுதந்திரம் ஒரு நாடகப் பட்டறைக்குள் கிடைத்த சுதந்திரம். ஏரி வேலைக்குப் போகிற, மல்லாட்டை ஆய்கிற பெண்ணின் ஆசையைத் தமிழ் சினிமாவில் நான் இன்னும் பார்க்கவில்லை.

அத்தை மகளைக் கேட்டுவிட்டுத்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் நம்ம ஜனம்தான். சுவரில் அம்பேத்கர் படம் மாட்டின வீடு. "பொண்ணு கொஞ்சம் கருப்பா கீது, ரெண்டு சவரன் சேத்துப் போட்டுடுங்க" என்றார்கள். மாமா போட்டார். அந்தக் கடன் அடைய ஆறு வருஷம் ஆயிற்று. கொட்டாயில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அவர் கட்டிய வட்டி அது. ஊர்த்தெருவைக் கேட்கும் கேள்வியை நம் தெருவிலும் கேட்டாக வேண்டும்.

போன மாதம் காலனி இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாரி மகளிர் கதையைச் சொன்னேன். சினிமாக் காட்சியையும் சொன்னேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள், "யக்கா, அந்தப் புலவரு ரெண்டு ராஜாங்களக் கேட்டாரு. அந்தப் பொண்ணுங்கள யாராவது கேட்டாங்களா, உங்களுக்கு இன்னா வேணும்னு?"

எம்.ஏ.வில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லைதான் பாப்பா, ஆனால் அவர்களே பேசினது ஒரு பாட்டு இருக்கிறது என்றேன். புறநானூற்றில் 112ஆவது. ஐந்தே வரி. அதில் கல்யாணப் பேச்சு இல்லை. போன மாதம் இருந்த அப்பனும் மலையும் இந்த மாதம் இல்லை என்று சொல்லும் பாட்டு அது. பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற தோழிகளுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சினிமா உங்களுக்கு வைத்த பட்டப்பேர் என்ன, எந்த வருஷம், எந்த இடத்தில், யார் முதலில் கூப்பிட்டார்கள், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். சிரித்திருந்தால் அதையும் எழுதுங்கள். என்னுடையதை நான் எழுதிவிட்டேன்.