கைதட்டலா? கருத்தா?

பார்ப்பது எளிது. பார்த்ததைப் பற்றிக் கருத்துரைப்பது சற்றே கடினம். உரைத்த கருத்துக்குக் காரணம் காட்டுவதோ மிகமிகக் கடினம். நாட்டிலே பார்ப்போர் பெருகிவிட்டனர்; கருத்துரைப்போரும் பெருகிவிட்டனர்; காரணம் காட்டுவோர் மட்டும் பெருகக் காணோம்!

குற்றாலத்துச் சித்திர சபைக்குச் செல்வோர் சுவரெங்கும் ஓவியங்களைக் காண்பர். கண்டதும் கை குவியும். அந்தக் கோட்டை ஓவியன் ஏன் அவ்வாறு வளைத்தான், அந்த வண்ணத்தை எதிலிருந்து எடுத்தான், எவர் கூலி கொடுத்தார் என்று கேட்போர் எத்தனை பேர்? படமென்றால் வணங்குவது, இல்லையேல் வாய் பிளப்பது. இது நெடுநாளைய பழக்கம். இன்று படம் சுவரை விட்டிறங்கிக் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அசைகிறது, பேசுகிறது, பாடமும் நடத்துகிறது. படம் மாறிற்று, பார்ப்போர் பழக்கம் மாறிற்றா?

இக்கேள்விக்கு விடைகாண ஓர் அசைபடத் தொடரை எடுத்துக்கொள்வோம். 'எக்ஸ்ட்ரா கிரெடிட்ஸ்' என்பது அதன் பெயர். கடமைக்கு மேலாகச் செய்த பணிக்கு அமெரிக்கப் பள்ளிகள் வழங்கும் மிகை மதிப்பெண்ணையே அப்பெயர் குறிக்கும். 2008-இல் டேனியல் ஃபிலாய்ட் என்ற மாணவர் தொடங்கிய முயற்சியில், விளையாட்டு வடிவமைப்பாளரான ஜேம்ஸ் போர்ட்னோ இணைந்தார். 2010 முதல் தொடராக வந்தது; பின்னர் யூடியூபில் நிலைத்தது. எளிய கோட்டுச் சித்திரங்கள், விரைந்த பேச்சு, சில நிமிடங்களே நீளும் பாடம். பாடப்பொருள் காணொளி விளையாட்டு. அதை ஆக்குவது எப்படி, அது மனத்தை ஆட்டுவது எப்படி என்பதை விளக்குவதே நோக்கம்.

அமெரிக்கத் தொடருக்கும் தென்காசிக்கும் என்ன தொடர்பு என்பீர்! தென்காசிப் பிள்ளைகளின் கையிலும் அதே விளையாட்டுகள்தாமே இருக்கின்றன, தோழர்களே! அவர்களை ஆட்டுவிக்கும் கயிற்றைப் பற்றிப் பேசும் பாடம், அவர்களுக்கு அயலார் பாடம் ஆகுமா?

அத்தொடரைப் பார்த்தோர் உரைத்த கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்பது நம் எண்ணம்.

முதல் வகை, செவியோடு நின்றுவிடும் கருத்து. பேசுவோரின் குரலைச் சுருதி உயர்த்தி வழங்கினர். "கீச்சுக்குரல், கேட்க இயலவில்லை" என்றனர் சிலர். "அக்குரலே அழகு" என்றனர் வேறு சிலர். 2018-இல் ஃபிலாய்ட் விலகி மற்றொருவர் பேச வந்தார். "பழைய குரலே வேண்டும்" என்ற ஏக்கம் எழுந்தது. குரல் பிடித்ததா என்பதிலேயே பொழுது கழிந்தது. குரல் கூறியது மெய்யா என்ற கேள்வி வாயிலிலேயே காத்துக் கிடந்தது!

சுவையைப் பழிப்பது நம் நோக்கமன்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாதர், சுவையையே அளவுகோலாகக் கொண்டவர். கம்பன் பாடல்களிலேயே இது கம்பனுடையது, இது பிறர் செருகியது என்று தம் சுவையுணர்வால் பிரித்தவர். சுவைக்கக் கற்பித்தார், அது பெரும் பணி. ஆயினும், சுவை மட்டுமே நீதிபதியானால், மறுப்போர் எதைக் காட்டி வழக்காடுவது? உமக்கு இனித்தது, எமக்குக் கசந்தது. அவ்வளவோடு வழக்கு முடிந்துவிடுகிறது. பாடலுக்கே அது போதாது என்றால், பாடம் நடத்தும் படத்துக்கு எங்ஙனம் போதும்?

இரண்டாம் வகை, சினத்தால் சிவந்த கருத்து. 2019-இன் தொடக்கத்தில் ஒரு பகுதி வெளிவந்தது. பலர் சேர்ந்தாடும் போர் விளையாட்டுகளில், ஆடுவோரைக் கேளாமலே ஒரு சாராரை நாட்சிப் படையினராக நிறுத்துவது தகுமா என்று அது கேட்டது. அப்படி நிறுத்துவது அக்கொடியோரைப் பழகிய முகமாக்கிவிடும் என்றும் எச்சரித்தது. பார்ப்போரிடமிருந்து பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. "சதுரங்கத்தில் கருங்காய் ஆடியவன் கருங்காய் ஆகிவிடுவானா?" என்ற போக்கிலே கேலிகள் பறந்தன.

நடுநின்று நோக்குவோம். நாடகத்தில் கொடியோன் வேடம் புனைந்தவன் கொடியோனாகிவிடுவதில்லை. விளையாட்டில் நாட்சி உடை தரித்தவன் நாட்சிக் கொள்கையைத் தழுவுவான் என்று கூறப் புகுவோர், அதற்கு வலுவான சான்று தரக் கடமைப்பட்டவர். சில நிமிடப் படத்தில் அச்சான்று இல்லை. ஆகவே எதிர்ப்பாளர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால், நாடகத்தில் கொடியோனுக்குக் கதை உண்டு, அவன் செய்த கொடுமை மேடையேறும், வீழ்ச்சியும் மேடையேறும். போர் விளையாட்டிலோ கொடுமை மறைந்து, உடையும் துப்பாக்கியும் மட்டும் எஞ்சக் காண்கிறோம். இலட்சக்கணக்கான யூதரைக் கொன்று குவித்த கூட்டம், வெறும் 'எதிரணி' என்ற பெயரில் வந்து நிற்கலாமா? இக்கேள்விக்குக் கேலி விடையாகாது. தொடர் தன் கேள்வியைத் தவறான சான்றின் மேல் நிறுத்தியது. பார்ப்போர் சான்றை மறுத்த வேகத்தில் கேள்வியையும் குழியிலிட்டனர். விமரிசனம் என்பது பதரைத் தூற்றுவது. நெல்லையும் சேர்த்துக் காற்றில் விடுவதன்று!

எண்ணிக்கை தீர்ப்பாகாது என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. பிடிக்கவில்லை என்று குறியிட்டோர் தொகையை எவரும் காணலாம் என்றிருந்த நிலையை, 2021 நவம்பரில் யூடியூப் நிறுவனம் மாற்றி, பொதுப்பார்வையிலிருந்து அதை மறைத்தது. ஒரே நாளில் மறையக்கூடியது தொகை. காரணத்தோடு கூறிய மறுப்பு அப்படி மறைவதில்லை.

மூன்றாம் வகை, திருத்தும் கருத்து. இது எண்ணிக்கையில் சிறிது, மதிப்பிலோ பெரிது. இக்குழுவினர் வரலாற்றுத் தொடர்களும் ஆக்கினர். முதலில் வந்த தொடர் ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பியூனிக் போர்களைப் பற்றியது; ஆண்டு 2013. ரோமாபுரிப் போரைப் பொருளாகக் கொண்ட விளையாட்டொன்றை விற்க வந்த நிறுவனம் அதற்கு ஆதரவு நல்கியது. வரலாறு கேட்கும்போது, அதற்கு எவர் பணம் செலுத்தினார் என்றும் கேட்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

வரலாற்றறிந்தோர் குறை கண்டனர். ஆண்டு பிழை, பெயர் பிழை, ஒருபக்கச் சாய்வு என்று சுட்டினர். குழுவினர் என்ன செய்தனர்? வரலாற்றுத் தொடர்களின் இறுதியில் 'பொய்கள்' என்ற பெயரிலேயே ஒரு பகுதி அமைத்தனர். எங்கே தவறினோம், எதைச் சுருக்கினோம், எதை விட்டோம் என்று தாமே அறிவித்தனர். என்னே அப்பெயர்! ஆசிரியன் தவறமாட்டான், ஏடு பொய்க்காது, பெரியோர் வாக்குக்கு மறுப்பில்லை என்று பழகிய நாட்டினர் நாம். தன் பிழைக்குப் 'பொய்' என்றே தலைப்பிட்டுக் காட்டும் பாடம் நமக்குப் புதிது. அத்தொடரில் நாம் பெரிதும் போற்றுவது இதனையே.

குறையும் கூறுவோம். விளையாட்டை ஆக்குவோரை நோக்கியே அத்தொடர் பெரிதும் பேசுகிறது. ஆடுவோன் பையைப் பற்றிப் பேசுவது குறைவு. அமெரிக்க உளவியலார் ஸ்கின்னரின் பெட்டியைப் பற்றி ஒரு பகுதி உண்டு. புறா பொத்தானைக் கொத்துகிறது, தீனி விழுகிறது. எத்தனையாவது கொத்துக்கு விழும் என்பது தெரியாதவாறு அமைத்துவிட்டால், புறா ஓயாமல் கொத்துகிறது. இவ்வுத்தியை விளையாட்டில் புகுத்துவதை அத்தொடர் கண்டிக்கிறது. புதிர், தேர்ச்சி, கதை ஆகியவற்றால் ஈர்க்குமாறு அறிவுரை கூறுகிறது. நல்லுரைதான். ஆனால், பெட்டியைச் செய்பவனுக்கு உரைத்த அறிவுரை, பெட்டிக்குள் அடைபட்ட புறாவுக்கு எட்டுமா?

அப்புறா தென்காசியிலும் இருக்கிறது. அன்னையின் கைப்பேசியில் 'நற்பேற்றுப் பெட்டி' திறக்கும் பிள்ளையே அது. திருவிழாக் கடையில் வளையம் எறிந்து ஏமாந்தவன் கடையைவிட்டு வந்துவிடுவான். இந்தக் கடையோ அவனோடு படுக்கைக்கும் வருகிறது! லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. இணையச் சூதாட்டத்துக்கெதிரான சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பூட்டுப் போட்ட விதியை, 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் பணவிளையாட்டையே தடுக்கும் சட்டத்தை ஒன்றிய அரசும் கொணர்ந்தது. சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், பந்தயமில்லா விளையாட்டிலும் அதே பொறி பதுங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கண்ணைச் சட்டம் தராது, கல்விதான் தரும்.

"விளையாட்டே தீது, பிடுங்கி எறி" என்பார் உளர். அவர்க்கும் மறுப்பு உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஆக்கிய 'வெண்பா' என்னும் விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்த்தாயொருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி அவிக்கிறாள். மகனோ தாய்மொழியிலிருந்து விலகிப் போகிறான். ஆடுவோன் குறிப்பின் விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைக்கவேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதற்படைப்புக்கான பிரிவில் அதற்குக் கிடைத்தது. இத்தகைய ஆக்கமும் விளையாட்டே. நற்பேற்றுப் பெட்டியும் விளையாட்டே. இரண்டையும் ஒரே கூடையில் போடுவோன் விமரிசகன் அல்லன்.

ஆகவே வேண்டுவது என்ன? விளையாட்டை விளக்கும் பாடம் தமிழில் வேண்டும். வண்ணம் மிக வேண்டா. கோட்டுச் சித்திரமும் தெளிந்த தமிழும் போதும். அதற்கு முன்னதாகவே நம் படிப்பகங்களில் ஒன்று செய்யலாம். செய்தித்தாளைப் படித்து விவாதிக்கும் இளைஞர், வாரத்தில் ஒரு மாலை இத்தகைய படமொன்றைச் சேர்ந்து பார்க்கட்டும். "நன்று", "தீது" என்ற தீர்ப்பை ஒத்திவைத்து, மூன்று கேள்விகளை எழுப்பட்டும்: சொன்னது மெய்யா? சான்று எது? ஆதாயம் எவருக்கு?

கைதட்ட இரு கை போதும். கருத்துரைக்கத் தலை வேண்டும்.