அரை மணி நேர நட்பு

நாடகத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர். மேடை கிடையாது. ஒரு மேசை, ஒரு சோபா, ஒரு கட்டில். நடிகர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். இப்படிப்பட்ட அரங்கு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் நன்றாகவே வேர்பிடித்தது. லண்டனின் பேட்டர்சி கலை மையம் 2010இலும் 2011இலும் இதற்கென்றே விழா எடுத்தது. அங்கே உண்மையான நெருக்கம் கிடைக்கிறதா என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்த அறையில் யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள்?

கிளாஸ்கோவில் இயங்கிய அரங்கக் கலைஞர் ஏட்ரியன் ஹவல்ஸைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. 2006இல் அவர் செய்த 'ஹெல்ட்' மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, கைகோத்தபடி பேச்சு. பிறகு சோபாவில் அருகருகே, கையை விடாமல் டிவி. கடைசியில் கட்டில், உடுத்திய உடையோடு இருவரும் படுத்திருக்க, அவர் பின்னாலிருந்து அணைத்துக்கொள்வார். கதை என்று பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் இடங்களின் வரிசையைக் கவனியுங்கள். மேசையில் முகத்தைப் பார்த்தாக வேண்டும், எதையாவது பேசியாக வேண்டும். சோபாவில் டிவி ஓடுவதால் பேசாமல் இருந்தாலும் தப்பில்லை. கட்டிலில் முகமே தெரியாது. உடம்பு நெருங்க நெருங்க, பேச வேண்டிய கட்டாயம் குறைந்துகொண்டே போகிறது. நெடுநாள் சிநேகிதர்கள் பேச்சிலிருந்து மௌனத்துக்கு வந்துசேரும் பாதையை மரச்சாமான்களை வைத்தே காட்டிவிட்டார். அவருடைய திறமை நடிப்பில் இருந்ததைவிட இடத்தை அமைப்பதில்தான் அதிகம் இருந்தது என்பேன்.

'ஃபுட் வாஷிங் ஃபார் த சோல்' 2008இல் வந்தது. பாதம் கழுவும் கிறிஸ்தவப் பெரிய வியாழன் சடங்கின் நிழல் அதில் உண்டு. பார்வையாளரின் காலைக் கழுவுகிறார், துடைக்கிறார், எண்ணெய் தடவிப் பிடித்துவிடுகிறார், முத்தமிடலாமா என்று அனுமதி கேட்கிறார். கழுவுகிறவருக்கு இதில் பெரிய சங்கடம் இல்லை. காலை நீட்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம். வெடிப்பு, பழைய செருப்புத் தழும்பு, வெட்டாத நகம் எல்லாம் ஓர் அந்நியர் கையில். யார் தயவும் வேண்டாம் என்று வாழப் பழகிய ஒருவர் அங்கே தடுமாறுகிறார். கொடுப்பது எளிது, வாங்கிக்கொள்வதுதான் கடினம் என்பது அந்தக் கூச்சத்தில் பிடிபடுகிறது. தன்னிறைவு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதி பயம் என்பதை, அதைப் பற்றி ஒரு வசனமும் பேசாமல் நிறுவிவிடுகிற காட்சி இது. இந்த வகை அரங்கின் உச்சமே இதுதான்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஹவல்ஸ் கொடுக்கிறார், வந்தவர் வாங்கிக்கொள்கிறார், நேரம் முடிந்ததும் அடுத்தவர் வருகிறார். முறை மாறுவதே இல்லை. வந்தவருடைய தன்னிறைவை அசைத்துப் பார்க்கிற இந்த நிகழ்வு, கலைஞருடைய தன்னிறைவை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. மனச்சோர்வோடு தனக்கிருந்த போராட்டத்தை ஹவல்ஸ் மறைத்ததில்லை. 2014இல், 51ஆம் வயதில், இறந்துபோனார். அந்த மரணத்தை அவருடைய படைப்புகளோடு முடிச்சுப்போட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால், நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி இந்த வடிவத்தின் மீதே நிற்கிறது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் குழுவான 'ஆன்ட்ருரென்ட் ஹூட்' ஹவல்ஸுக்கு நேரெதிர். 2009 எடின்பரோ விழாவில் அவர்களுடைய 'இன்டர்னல்' பெரிய சச்சரவைக் கிளப்பியது. ஐந்து நடிகர்கள், ஐந்து பார்வையாளர்கள், நடுவே திரை. திரை உயர்ந்ததும் ஜோடி சேர்க்கிறார்கள். சின்ன மேசை, மங்கிய வெளிச்சம், ஆளுக்கொரு மதுக் கோப்பை. பேச்சு சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, தனியாகச் சொன்னதைச் சபையில் போட்டு உடைக்கிறார்கள். நிகழ்வு முடிந்து சில நாளில் வீட்டுக்குக் கடிதமும் வருகிறது.

துரோகம் என்றார்கள் சிலர். காசு கொடுத்து நாடகத்துக்கு வந்துவிட்டு உண்மையை எதிர்பார்த்தது யார் குற்றம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது தரப்பில் நியாயம் உண்டு. நம்மைக் கூர்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு சீக்கிரம் அவிழ்ந்துவிடுகிறோம் என்பதை 'இன்டர்னல்' இரக்கமில்லாமல் காட்டியது. வட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம். கடிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அறைக்குள் நடப்பது நாடகம் என்று இருவருக்கும் தெரியும். வீட்டு வாசலுக்கு வரும் கடிதத்தில் அந்தத் தெளிவு இல்லை. ஹவல்ஸ் முத்தமிடக்கூட அனுமதி கேட்டார். இவர்கள் நாடகம் எப்போது முடிகிறது என்பதையே சொல்லாமல் விட்டார்கள்.

ஆபத்து பார்வையாளருக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் 2011 முதல் பல ஆண்டுகள் ஓடிய 'ஸ்லீப் நோ மோர்' நாடகத்தின் நடிகர்கள், முகமூடி அணிந்த பார்வையாளர்கள் தங்களிடம் அத்துமீறியதைப் பற்றிப் பேசிய செய்தி 2018இல் வெளியானது. ஒற்றைப் பார்வையாளர் அரங்கின் கணக்கும் உதைக்கிறது: ஆளுக்கு அரை மணி என்றால் ஒரு நாளில் பத்துப் பேரைச் சமாளிப்பதே பெரிய காரியம். மானியம் இல்லாமல் இது பிழைக்காது.

கலை விமர்சகர் கிளேர் பிஷப் 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், கூடிப் பழகுவதையே கலையாக முன்வைக்கும் போக்கில் உரசலுக்கு இடமில்லை என்று குறை சொன்னார். இங்கேயும் அது பொருந்தும். இந்த அறைகளில் யாரும் யாரோடும் சண்டைபோட முடியாது, மறுநாள் திரும்பி வந்து சமாதானமாகவும் முடியாது. சாகும் காலம்வரை நேரில் பார்க்காத கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நட்புக்கு இலக்கணமாகப் படித்து வளர்ந்த நமக்கு, சந்திப்பே நட்புக்குப் போதும் என்கிற இந்த நம்பிக்கை கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

ஹவல்ஸுக்கும் இந்தக் குறைகள் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் கிளாஸ்கோவின் கோவன்ஹில் நீச்சல் குளத்தில், ஸ்காட்லாந்து தேசிய அரங்கோடு சேர்ந்து அவர் செய்த 'லைஃப்கார்ட்' ஒற்றைப் பார்வையாளரை விட்டுவிட்டுச் சிறு கூட்டத்துக்கு நகர்ந்தது. நீச்சல் உடையில் நிற்கும் பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஆளைத் தாங்கும் வேலையில் பாதியைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. காலை நீட்டும்போது வந்த அந்தத் தனிக் கூச்சம் கூட்டத்தில் கரைந்துதான் போகும். அது சின்ன இழப்பும் இல்லை. எல்லாப் பாரமும் ஒருவர் தலையில் விழாமல் இருப்பதற்காக அந்த இழப்பை ஏற்கலாம் என்றே எனக்குப் படுகிறது.