கணினிக் கதையாட்டங்களில் காதல்மாந்தரின் பாலியல் நாட்டம்

அகத்திணை ஏழனுள் கைக்கிளையைத் தொல்காப்பியம் முதற்கண் வைக்கிறது. ஒருவர் விரும்ப மற்றவர் விரும்பாதிருத்தலும் காதலின் ஒரு நிலையே என்பது இதனாற் பெறப்படும். இக்காலக் கணினிக் கதையாட்டங்களை மதிப்பிடுதற்கும் இந்நோக்குத் துணைசெய்கிறது.

பயோவேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ் 2' ஆட்டத்தில் ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், மெரில், இசபெலா ஆகிய நால்வரும், ஆடுவோர் ஏற்ற தலைமைப் பாத்திரம் ஆணாயினும் பெண்ணாயினும் காதலுக்கு இசைவர். 2023இல் முழுமையாக வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தின் முதன்மைத் துணைமாந்தரும் இத்தகையோரே. ஆடுவோர் எவரும் விலக்கப்படாமை இம்முறையின் சிறப்பு. மாந்தரின் விருப்பம் ஆடுவோர் விருப்பத்தின் நிழலாகிவிடுதல் இதன் குறை.

2014இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' வேறுவழிச் சென்றது. அதில் கசாண்ட்ரா ஆடவனையே ஏற்பாள். செரா பெண்ணையே விரும்புவாள். டோரியன் ஆடவரையே நாடுவான். அந்நாட்டத்தைக் குருதி மாந்திரிகத்தால் மாற்ற முயன்ற தந்தையோடு டோரியன் கொண்ட பிணக்கே அவன் கதையின் உயிர்நிலை. நாட்டத்தை நெகிழ்த்தின் அக்கதை சிதையும். ஆடுவோர்க்குத் தெரிவு சுருங்குகிறது என்பது உண்மையே. எனினும் மறுக்கவல்ல மாந்தரின் இசைவுக்கே மதிப்புண்டு.

வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் ஒருபாலுறவு குற்றமன்று என இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. தமிழகத்திற்கும் அந்தமான் தீவுகளுக்கும் அத்தீர்ப்பு ஒன்றே. ஒருவரது நாட்டம் அவருக்கே உரியது என்னும் அவ்வுண்மையைப் புனைவுமாந்தர்க்கும் வழங்கும் ஆட்டமே கலைத்தகுதியில் உயர்ந்தது எனலாம்.