இரும்புக்குள் ஓடும் துகள்: பொட்டிபுரம் உணர்கருவியின் கணினி உருவகங்கள்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் சூழலியல் கவலைகளும் உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர, 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் அத்திட்டத்தை எதிர்த்தது. ஆயினும், அங்கு வைக்க எண்ணிய 50,000 டன் இரும்பு உணர்கருவிக்குள் துகள்கள் எவ்வாறு ஓடும் என்பது பல ஆண்டுகளாகக் கணினியில் கணிக்கப்பட்டு, 2017இல் 'பிரமாணா' ஆய்விதழில் விரிவான அறிக்கையாக வெளிவந்தது. கட்டப்படாத கருவியைப் பற்றிய இக்கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தீர ஆராயத்தக்கது.

கருவியின் அமைப்பு எளியது. 5.6 செ.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடுகள் ஏறத்தாழ 150 அடுக்குகளாக நிற்க, இடைவெளிகளில் துகளின் தடத்தைப் பதியும் வாயுக் கலங்கள் அமையும். நியூட்ரினோ ஓர் இரும்பு அணுக்கருவில் மோதும்போது பிறக்கும் மியூவான், அதாவது எலக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு கனமான மின்னூட்டத் துகள், காந்தமூட்டிய இரும்பில் வளைந்து செல்லும். வளையும் திசையைக் கொண்டு நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறியலாம். இடர் என்னவெனில், அதே இரும்பின் அணுக்கருக்கள் மியூவானைச் சிதறடிக்கவும் செய்கின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் மியூவான் ஒரு தகட்டைக் கடக்கையில் வளைவும் சிதறலும் தலா 25 மில்லிரேடியன் அளவில் சமமாகவே இருக்கின்றன. ஆனால் வளைவு ஒரே திசையில் கூடுகிறது, சிதறலோ தாறுமாறான திசைகளில் நிகழ்வதால் மெதுவாகவே வளர்கிறது. ஆகவே, வழியில் இழக்கும் ஆற்றலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பத்துத் தகடுகளுக்குப் பின் முன்னது பத்து மடங்காகவும் பின்னது மூன்று மடங்கை ஒட்டியும் நிற்க, மின்னூட்டத்தின் குறி தெளிவாகிறது. பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்ட மின்காந்த விதிகளின் மேல் நிற்கும் இப்பகுதியே கணிப்பின் உறுதியான பகுதி.

மோதலில் உடன் சிதறும் ஹாட்ரான்கள், அதாவது பயான் முதலிய வலுவிசைத் துகள்கள், அத்தகைய தெளிவைத் தருவதில்லை. சில தகடுகளிலேயே அவை அடங்கிவிடுவதால், அவற்றின் ஆற்றலை அளப்பதில் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் சுமார் 85 விழுக்காடும், 15இல் சுமார் 36 விழுக்காடும் பிழை இருக்குமென உருவகமே சொல்கிறது. பத்தாண்டுத் தரவில் நியூட்ரினோ நிறைகளின் வரிசையை ஏறத்தாழ 3 சிக்மா உறுதியுடன் அறியலாம் என்ற பெரிய முடிவோ, இந்த ஹாட்ரான் தகவலைச் சேர்த்த பின்னரே எட்டப்படுகிறது. வலுவான முடிவு வலுவற்ற காலிலும் ஊன்றி நிற்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மேலும் அந்த 3 சிக்மா சராசரி எதிர்பார்ப்பே, நியூட்ரினோ வகைகள் ஒன்றோடொன்று கலக்கும் அளவைக் குறிக்கும் கலப்புக் கோணத்தின் உண்மை மதிப்பைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும்.

இதனினும் கவலை தருவது உள்ளீடு. அறிக்கையின் கணிப்புகள் பெரிதும் ஜப்பானின் காமியோகா இடத்துக்குரிய வளிமண்டல நியூட்ரினோ அளவுகளையே எடுத்துக்கொண்டன. தேனியோ புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ளது. அங்கு வலுவாக உள்ள கிடைக்காந்தப் புலம் குறைந்த ஆற்றல் காஸ்மிக் கதிர்களைத் தடுப்பதால், அவற்றிலிருந்து பிறக்கும் நியூட்ரினோக்களும் குறையும். தேனிக்கான அளவுகளும் வெளியாகிவிட்ட நிலையில், இரும்பு தேனிக்கும் வானம் ஜப்பானுக்கும் உரியதாக அமைந்த கணக்கை மீண்டும் போடுவது இன்றியமையாதது.

தோராயங்கள் இருப்பது மட்டுமே குறையன்று, அவற்றைச் சோதிக்க வழியுண்டா என்பதே கேள்வி. உலோகத்தின்மேல் ஃபெம்டோ வினாடி லேசர் துடிப்பு விழுவதை, எலக்ட்ரான்களுக்கும் அணிக்கோவைக்கும் தனித்தனி வெப்பநிலை கொடுத்து விளக்கும் மாதிரியும் இவ்வாறே தோராயங்களால் ஆனது. ஆனால் அங்கு ஆய்வக மேசையிலேயே உலோகத்தில் துளையிட்டு ஆழத்தை அளந்து மாதிரியைத் திருத்த முடிகிறது. பொட்டிபுரம் உருவகத்தைச் சோதிக்க வாய்த்தது மதுரையில் இயங்கும் 85 டன் சிறுமாதிரி மட்டுமே. காஸ்மிக் மியூவான்களைப் பதியும் அது காந்தப்புலத்தையும் கலங்களின் திறனையும் சரிபார்க்கும். நியூட்ரினோ மோதலைச் சரிபார்க்க அதன் இரும்பு போதாது.