துருப்பிடிக்காத பொருட்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் நாங்கள் ஐந்தாறு பேர் வழக்கமாகக் கூடும் மாடியறையில், நண்பர் ஒருவர் தம்முடைய மடிக்கணினியில் சில படங்களைக் காட்டினார். வருங்காலச் சாதனங்கள் என்று உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் வரைந்து வைத்திருப்பவை. 'கான்ஸெப்ட் டிசைன்' என்பது அவற்றின் பெயர். வளையலாகச் சுருட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் தொலைபேசி, நடு அச்சும் கம்பிகளும் இல்லாத சக்கரங்கள் மேல் நிற்கும் சைக்கிள், வெறும் கண்ணாடித் தகடாகிவிட்ட அடுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தன. நண்பர் கவிஞர். படங்கள் முடிந்ததும் சொன்னார்: "நாம் எழுத நினைத்துத் தோற்ற கவிதையை இவர்கள் வரைந்துவிட்டார்கள். பயன் என்ற விலங்கிலிருந்து பொருள் விடுபட்டுவிட்டது."

அன்று யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். எதிர்வாதம் எனக்கு எப்போதும் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் வரும். இது அப்படி வந்தது.

நண்பர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. பயனைக் கைவிட்ட பொருள் கலையாக முடியும். பிரெஞ்சுக்காரரான ஜாக் கரெல்மான் 1969ல் கொண்டுவந்த, கிடைக்காத பொருட்களின் பட்டியல் ஒன்று போதும் அத்தாட்சிக்கு. அதில் ஒரு காப்பிக் கெண்டி. மூக்கும் கைப்பிடியும் ஒரே பக்கத்தில். சாய்த்தால் பிடித்தவன் கைமேலேயே கொட்டும். பொருட்களுக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவு பற்றி டொனால்ட் நார்மன் 1988ல் எழுதிய புத்தகத்துக்குப் பிற்பாடு இந்தக் கெண்டி அட்டைப்படமாகவும் ஆயிற்று. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிரிக்கிறோம். ஏன்? நம் கை ஒருமுறை சுட்டுவிடுகிறது. கரெல்மான் பயனை மறந்தவர் அல்ல, தலைகீழாக்கியவர். அதற்கு அது நேராக நிற்கும் விதம் அணு அணுவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் கெஞ்சி கவகாமி என்பவர் இந்த வேலையை ஓர் இயக்கமாகவே செய்தார். 'சிந்தோகு' என்று பெயர் வைத்தார். கோந்துக் குச்சி மாதிரித் திருகித் திருகி ரொட்டியில் வெண்ணெய் தேய்க்கும் குழாய், மூக்கு ஒழுகுகிறவர் தலையில் கட்டிக்கொண்டு திரியக் காகிதச் சுருள் என்று நூற்றுக்கணக்கில். இதற்கு அவர் வகுத்த விதிகளில் இரண்டு முக்கியமானவை. பொருளை உண்மையாகவே செய்து கையில் பிடிக்கும்படி வைத்திருக்க வேண்டும். அதை விற்கவோ, காப்புரிமை வாங்கவோ கூடாது. (நம் பத்திரிகையின் விதிகளும் ஏறக்குறைய இவையே.)

நண்பர் காட்டிய படங்கள் இந்த இரண்டு விதிகளையும் நேர் எதிராக மீறுகின்றன. அவற்றில் விற்கும் ஆசை உண்டு. செய்கிற கஷ்டம் கிடையாது. பயனிலிருந்து விடுபட்டவை அல்ல அவை. பயனைக் கடனாக வாங்கி, திருப்பிக் கொடுக்கும் தேதியை எழுதாமல் விட்டவை. வங்கிக்காரன் புத்தி இப்படித்தான் போகும், மன்னிக்கவும்.

ஓர் உதாரணத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி 2003லிருந்து சில ஆண்டுகள் இளைஞர்களுக்காக ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. 2010ல் இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றில் ஒரு குளிர்பதனப் பெட்டி இருந்தது. வரைந்தவர் ஒரு ரஷ்ய இளைஞர். கதவில்லை, தட்டுகள் இல்லை, மோட்டார் இல்லை. சுவரில் ஒரு பச்சைக் கூழ். ஆப்பிளையோ மீனையோ அதில் அழுத்தினால் அந்தந்த இடத்தில் உள்வாங்கிப் பிடித்துக்கொண்டு குளிர்விக்குமாம். உயிருள்ள ஒரு பிராணியின் வயிற்றுக்குள் எலுமிச்சம் பழம் தொங்குவது போன்ற பிம்பம். ஸர்ரியலிஸ்டுகளுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நேத்து வச்ச ரசத்த எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

அதைவிடச் சரியான விமர்சனக் கேள்வியை நான் கேட்டதில்லை. படத்தில் திடப்பொருள்கள் மட்டுமே உண்டு. முழுசாக, கழுவித் துடைத்து, வெட்டுப்படாமல். மிச்சம் என்ற ஒன்று அந்த வீட்டில் இல்லை. மிச்சம் இல்லாத வீட்டில் குழந்தைகள் இல்லை, கிழவிகள் இல்லை, இரவு தாமதமாக வரும் ஆள் இல்லை. ஒரு சிறுகதையில் இப்படி இருந்தால், பாத்திரங்களுக்கு உடம்பில்லை என்று எழுதிவிடுவோம். பொருளை வரைந்தவனுக்கு மட்டும் ஏன் சலுகை?

அதே ஸ்வீடனிலிருந்துதான் முன்பு எங்கள் பக்கத்துக்கு எனாமல் வாளிகளும் தூக்குகளும் வந்தன. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டபோது வந்து சேர்ந்தவை. விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இரும்பு தெரியும். பெயர்ந்த இடத்தைப் பார்த்தே, பிடித்த கை இடதா வலதா, எந்தப் பக்கம் தரையில் இடித்து வைத்தார்கள் என்று ஊகித்துவிடலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் கொண்டுபோன திருகு மூடிக் கூஜா பக்கத்தில் கிடக்கும். மூடியைத் திருகிப் பாருங்கள். கப்பலின் ஆட்டம் அந்த மரையில் இருக்கிறது. 1958ல் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பைப் பற்றிச் சொன்னது இந்த ரீதியில்தான். இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி, காலியாயிருக்கும்போது எடை எங்கே, கழுவ விரல் உள்ளே போகுமா, விற்றால் பழைய உலோகத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கி, தனி மனிதன் ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்க முடியாத பொருள் அது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

பழையது என்பதற்காக நான் சொம்பைக் கும்பிடவில்லை. பழம்பொருள் மோகம் வேறொரு வியாதி. எங்கள் ஊரிலேயே எதிர்காலத்துக்கு ஒரு முகவரி உண்டு. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊர் வாயில் 'சிக்ரி'. அங்கே ஆராய்கிற விஷயங்களில் இரண்டு, பாட்டரியும் துருவும். நண்பர் காட்டிய படங்களில் இல்லாத இரண்டும் இவையே என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. மறுபடி பார்த்தேன். ஒன்றில்கூடப் பாட்டரிக்கு இடமில்லை. திருகாணி இல்லை, ஒயர் இல்லை, தூசி நுழையும் இடுக்கு இல்லை. கடற்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று மண்டபத்தில் தகடுகளைக் காயப்போட்டு வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் விஞ்ஞானியிடம் நண்பர் சொல்லும் கவித்துவம் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. காலம் அங்கே பொருளின் மேல் வேலை செய்கிறது. படங்களில் காலமே இல்லை. எதிர்காலம் என்று பெயர் மட்டும் இருக்கிறது.

சுஜாதாவின் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவது நம் வட்டத்தில் ஒரு சடங்கு. 'என் இனிய இயந்திரா'வை இலக்கியம் என்று நானும் வாதாடப் போவதில்லை. ஆனால் அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் படிக்கிறது, யோசிக்கிறது, எஜமானியோடு மல்லுக்கு நிற்கிறது. அதற்கு எதிரே ஒரு மனுஷி இருக்கிறாள். எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தோடு மல்லாடியவர் என்பது தற்செயல் அல்ல. அந்த இயந்திரத்தைப் பாருங்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான். எழுத்துத் தெரியாதவரும் அமுக்கலாம். மின்சாரம் இல்லாத ஊரிலும் பாட்டரியில் ஓடும். யார் விரல் வரப்போகிறது என்று யோசித்தவர்கள் செய்தது.

விரலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். அமெரிக்காவில் ஹ்யூமேன் என்ற கம்பெனி சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சாதனத்தை 2023ல் அறிவித்தது. திரையே கிடையாது; உள்ளங்கையை நீட்டினால் அதில் லேஸர் ஒளியில் எழுத்துகள் விழும். நண்பரின் படங்களில் ஒன்று உயிர்பெற்று நடந்து வந்தது போல. விலை 699 டாலர். வெயிலில் உள்ளங்கை எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். 2025 பிப்ரவரியோடு அது செயலற்றுப்போனது. உள்ளங்கையைத் திரையாக நினைத்தவர்களுக்கு அது கை என்று தோன்றவில்லை. என் உள்ளங்கையில் மாலை நாலு மணிக்கு ஸ்டாம்ப் மை இருக்கும்.

நம் கவிதைகள் சிலவற்றிலும் இந்தத் துருப்பிடிக்காத தன்மையைப் பார்க்கிறேன். 'வெளி', 'மௌனம்', 'கண்ணாடி' என்று வரும். யார் வீட்டுக் கண்ணாடி, ரசம் எங்கே போயிருக்கிறது என்று தெரியாது. என்னுடைய பழைய கட்டுரைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்க்கும் கிளைக்கு ஆத்தங்குடியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பூக்கல் போடுகிறவர். கணக்கு முடங்கிக் கிடந்தது. விவரங்களைப் புதுப்பிக்க விரல்ரேகை வேண்டும். சிறிய கறுப்புக் கருவி; அதன் நடுவில் கட்டைவிரல் அளவு கண்ணாடி. ஒருகாலத்தில் அதுவும் யாரோ வரைந்த அழகான படமாகத்தான் இருந்திருக்கும். படத்தில் விரல் ஒன்றும் இருந்திருக்கும்.

"வைங்கண்ணே."

வைத்தார். ஏற்கவில்லை. பத்து விரலையும் பார்த்தாயிற்று. சிமெண்டிலும் தண்ணீரிலும் முப்பது வருஷம் ஊறிய விரல்களில் ரேகை மழுங்கியிருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. குனிந்து கருவியைப் பார்த்தார். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல்தான் போடுவார்கள். கண்ணாடியில் சட்டத்தை வைத்து, கலர்ச் சாந்தை ஊற்றி, மேலே உலர் கலவை தூவி, சிமெண்ட் பூசி எடுக்க வேண்டும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

"கண்ணாடியில அழுக்கு இருக்கு சார்," என்றார். "அழுக்கு இருந்தா எங்க வேலையிலயும் பூவு சரியா விழுகாது."

தோள் துண்டின் நுனியால், வட்ட வட்டமாக, ஓரம்வரை துடைத்தார். ஊதிப் பார்த்தார். மறுபடி கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரியவில்லை.

காகிதப் படிவம் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடுவீங்களா என்று கேட்டது தப்பு. முழுப் பெயரையும், இனிஷியல் புள்ளி உட்பட, அழுத்தமாக எழுதினார். அது மேலே போய்த் திரும்ப, பணம் அவர் கைக்கு வர, இன்னும் இரண்டு தடவை பஸ் ஏறி வந்தார்.