காவல் கோட்டம்: களவின் மொழியும் ஆவணத்தின் மொழியும்

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் (தமிழினி, 2008) வெளிவந்த பின் அதன் நடை குறித்துக் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. எஸ். ராமகிருஷ்ணன் நாவலை முற்றாக மறுத்தார். ஜெயமோகன் விரிவாக எழுதி வரவேற்றார். 2011ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற பின்னரும் அவ்வேறுபாடு தீரவில்லை. நாவலின் நீளமும் தகவல் மிகுதியுமே குறையென்று பலர் கருதினர். இக்கட்டுரை கருதும் குறை வேறு.

இது துப்பறியும் நாவல் அன்று. எனினும் களவையும் காவலையும் இவ்வளவு அணுக்கமாகக் கண்ட நாவல் தமிழில் அரிது. தாதனூர்க் கள்ளர் கன்னமிட்டு நுழையும் பகுதிகளில் நடை செறிவு கொள்கிறது. அங்கு களவு குற்றமாக அன்றி, கற்றுத் தேர்ந்த தொழிலாகவே நிற்கிறது. துப்புக்கூலி, குடிக்காவல் ஆகியவற்றின் பொருளை விளக்கமின்றிக் காட்சியே உணர்த்திவிடுகிறது. மதுரைக் கோட்டை இடிபடும் பகுதியும் அத்தகையதே. இவற்றை எழுதிய கை, ஆங்கில நிர்வாகம் கதைக்குள் வந்ததும் தளர்ந்துவிடுகிறது. ஆண்டு, பதவி, ஆணை, அறிக்கை எனக் குறிப்புகள் அடுக்கப்படுகின்றன. கதைசொல்லி தாதனூரை விட்டு ஆட்சியர் அலுவலகத்தில் போய் அமர்ந்துகொள்கிறார்.

ஆவணம் மக்களின் குரலை விழுங்குவதைக் காட்டவே ஆசிரியர் இவ்வாறு எழுதினார் என வாதிடலாம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அதற்கு ஆவணத்தின் குரலும் கதைசொல்லியின் குரலும் வெவ்வேறாகக் கேட்க வேண்டும். இங்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதனை வெறும் அழகியல் குறை என ஒதுக்க இயலவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே, தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்நாவலைப் படிப்போர்க்கு இக்கதை அயலாருடையதன்று. கதை 1910ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றனர். பதிவேடும் கைரேகையும் ராதாரிச் சீட்டும், இரவில் காவல் நிலையத்தில் படுத்தெழும் கட்டாயமும் அதன்வழி வந்தன. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாக எழுதிவைத்தது பதிவேட்டு மொழிதான். அம்மக்களின் கதையைச் சொல்லும் நாவல் அதே மொழியில் பேசத் தொடங்கும்போது ஏமாற்றம் மிகுகிறது.

வாய்மொழி வழக்காறு இல்லாமற் போனதால் நேர்ந்த குறையும் அன்று இது. களவுப் பகுதிகளை எழுத அவ்வழக்காறே துணைநின்றது. அதே செவியைக் காவல் நிலைய வாசலிலும் ஆசிரியர் திறந்து வைத்திருக்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. 'சீரமைப்பு' என்னும் சொல்லை அங்குப் பயின்ற தலைமுறைகள் தம்முள் எவ்வாறு சொல்லிக்கொண்டன என்பதற்கு அறிக்கைகளில் விடை இராது.