சாவிக்கொத்துக்கு ஒரு சூத்திரம்

அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அருகே ஒரு மாடியறையில் அமர்ந்து, தூரதேசத்துக் கணினிகளோடு அனுதினமும் உறவாடும் எனக்கு, அவற்றுள் நுழைவதற்கான ரகசியச் சாவிகளைக் காட்டிலும், எந்த வாசலுக்கு எந்தச் சாவி என்று விவரித்து நிற்கும் ‘கான்ஃபிக்’ என்னும் சிறு கோப்பின்மேல்தான் அபாரமான பிரியம்.

இப்படித் தூரக் கணினிகளுக்குள் நுழைவதற்கென 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனென் இயற்றிய எஸ்.எஸ்.ஹெச். முறையில், ரகசியச் சாவி நம்மைவிட்டு அகலாமலே அது நம்மிடம் உண்டென்று நிரூபித்துவிடலாம். ஆனால் சாவிகள் பெருகினால் சங்கடமும் பெருகும். இன்னதென்று குறிப்பிடாவிட்டால் கணினி ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும். எதிர்ப்புறமோ, வழக்கமான அமைப்பில் 6 முயற்சிகள் தவறியதும் தொடர்பைத் துண்டித்துவிடும். உரிய சாவி ஏழாவதாகக் காத்திருந்தும் பிரயோஜனமில்லை.

கோப்பில் ‘ஹோஸ்ட்’ என்று ஒரு செல்லப்பெயரிட்டு, அதன்கீழ் முகவரியையும், பயனர் பெயரையும், சாவியின் இருப்பிடத்தையும் எழுதி, ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால், குறித்த சாவி மட்டுமே நீளும், மற்றவை மௌனமாயிருக்கும்.

என்னை மிகவும் வசீகரிப்பது அதன் வரிசைமுறை. பெரும்பாலான அமைப்புகளில் முதலில் கண்ட மதிப்பே நிலைக்குமாதலால், நம் இலக்கண நூல்களில் பொதுவிதியைத் தொடர்ந்து சிறப்புவிதி வருவதற்கு மாறாக, இங்கே சிறப்புவிதிகள் மேலேயும், நட்சத்திரக் குறியிட்ட பொதுவிதி அடியிலும் அமர வேண்டும். நேற்று மாலை ஏரிக்கரையில் உலாவித் திரும்பியதும், பணி முடிந்த ஓர் இடத்திற்குரிய நான்கு வரிகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை மேலிருந்து கீழாக இருமுறை நிதானமாகப் படித்தேன்.